அரக்குச் சேலை படத்தில் ஏன் சிவக்கிறது?

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வாட்ஸ்அப்பில் பட்டுச்சேலை விற்கிறேன். படம் மங்கலாக இருக்கிறதே என்று கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் கூட்டினால் அரக்கு ரத்தச் சிவப்பாகிறது, ஜரிகை மஞ்சளடிக்கிறது. 'படத்தில் வேற கலர்' என்று சேலையைத் திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?"

கோளாறு உங்கள் கேமராவில் இல்லை. சாதாரண கான்ட்ராஸ்ட், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே இழுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு உண்டு. உங்கள் அரக்கு, அதே வரிசையில், 150, 40, 60 என்று வையுங்கள். நடுமதிப்பு 128-ஐ வைத்து 1.3 மடங்கு கான்ட்ராஸ்ட் ஏற்றினால் அது 157, 14, 40 ஆகிவிடும். சிவப்பு ஏறியது, மற்ற இரண்டும் சரிந்தன. நிறம் சிவக்காமல் என்ன செய்யும்? ஜரிகையில் நடப்பது வேறு. அதன் 215, 180, 110 மூன்றுடனும் வெளிச்சத்துக்காக 60 கூட்டினால் சிவப்பு 275-க்குப் போக வேண்டும். ஆனால் 255-க்கு மேல் இடமில்லை. அது அங்கேயே முட்டி நிற்க, பச்சை 240 வரை ஏறி அதை நெருங்கிவிடுகிறது. அந்த மஞ்சள் இப்படி வருவதுதான்.

ஆகவே வெளிச்சத்தை நிறத்திலிருந்து பிரித்துத் திருத்த வேண்டும். நிறம், செறிவு, வெளிச்சம் என்று பிரிக்கும் எச்எஸ்வி முறை இதற்கு உதவாது. அதன் கணக்கில் சுத்த மஞ்சளும் சுத்த நீலமும் ஒரே 100 வெளிச்சம். வெளிச்சத்தைக் கண் உணர்வதுபோல் தனியே அளக்கும், 1976-இல் வந்த லேப் முறையில் மஞ்சளுக்கு 97, நீலத்துக்கு 32. நம் கண்ணும் ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது.

கிம்ப் 2.10-இல் முதலில் படத்தை 16 பிட்டுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பட்டின் பளபளப்பில் கோடு கோடாகத் தெரியும். லேயரை டூப்ளிகேட் செய்து, மேல் லேயரில் கர்வ்ஸ் (வளைகோட்டை இழுத்து வெளிச்சம் திருத்தும் கருவி) போட்டு, அதன் மோடை 'எல்சிஎச் லைட்னஸ்' ஆக்குங்கள்; எல்சிஎச் என்பது லேப் முறையின் இன்னொரு வடிவம். மேலேயிருந்து வெளிச்சம் மட்டும் வரும், நிறம் கீழ் லேயருடையதாகவே நிற்கும். ஃபோட்டோஷாப் என்றால் கர்வ்ஸ் லேயரை 'லுமினாசிட்டி'யில் வைத்தால் போதும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நிழலை அதிகம் தூக்கினால் சேலை சாயம் போனதுபோல் வெளிறும். அப்போது 'ஹ்யூ-குரோமா'வில் குரோமாவை, அதாவது நிறச் செறிவை, கொஞ்சமாக ஏற்றுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் வழங்கும் எம்.எஸ். நீலத்தில் மட்டும் கை அளவாக இருக்கட்டும்: லேப் முறையில் நீலம் ஊதாப் பக்கம் சாயும். 2020-இல் வந்த ஓகேலேப் என்ற புதிய முறை அதைப் பெருமளவு சரிசெய்கிறது, ஆனால் உங்கள் கடைக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை.

ஐபோனில் எடுத்த படமானால் அது டிஸ்ப்ளே பி3 என்ற, கூடுதல் நிறங்கள் கொண்ட நிறவெளியில் இருக்கும். கிம்ப் திறக்கும்போது கேட்கும், 'கன்வெர்ட்' கொடுங்கள். அனுப்புவது எப்போதும் பொதுவான நிறவெளியான எஸ்ஆர்ஜிபியாக இருக்கட்டும். வாங்குபவரின் ஃபோன் நிறங்களை மிகைப்படுத்திக் காட்டும் 'விவிட்' மோடில் இருந்தால் உங்களால் ஆவது ஒன்றுமில்லை. வெயில் படாத பகல் வெளிச்சத்தில் முந்தானையை மட்டும் எடுத்து, திருத்தாமல் ஒரு படம் கூடவே அனுப்பிவிடுங்கள்.