பள்ளி கேட்கும் 9,000 ரூபாய்க்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, தனியார் பள்ளியில் 3-ஆம் வகுப்பு படிக்கிறாள். அறிவுசார் குறைபாடு இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். வகுப்பில் கூடவே உட்கார ஓர் ஆளை மாதம் 9,000 ரூபாய்க்கு நாங்களே வைத்துக்கொள்ள வேண்டுமாம், இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். கணவருக்கு 42,000 சம்பளம். என்னிடம் 8 பவுன் இருக்கிறது. அடகு வைக்கலாமா? மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் பெண்ணுக்கு முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடும் என்று மாமியார் தடுக்கிறார்.
- வாசகி, கரூர்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும் சகோதரி. முதலில் அட்டையை வாங்குங்கள்.

சென்ற வருடம் ஒரு தகப்பனார் என் மேஜையில் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார். மூன்று வருடத்துத் தெரபி பில்கள், ஒவ்வொரு கட்டுக்கும் பின்னால் குத்திவைத்த அடகுச் சீட்டு. அவர் வீட்டிலும் இதே பயம்தான். அட்டை மட்டும் கடைசிவரை வாங்கவில்லை. அந்தப் பையை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: அட்டை யார் கண்ணிலும் படாமல் பீரோவில்தான் இருக்கப் போகிறது, ஆனால் குழந்தைக்குச் சேர வேண்டியது எல்லாம் அதன் வழியாகத்தான் வரும்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் மருத்துவ முகாம் எந்த நாள் என்று சொல்வார்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் 2,000 ரூபாய் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு அங்கேயே விண்ணப்பியுங்கள். அப்படியே மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் வரை பாதுகாப்பு, சேரும்முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபிக்கும் ஒரு வரம்பு வரை பணம் தருவார்கள்.

சரி, பள்ளிக்கு வருவோம். 8-ஆம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி, மாற்றுத்திறன் குழந்தைக்குத் தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆகவே "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதை வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். என்னென்ன உதவி தருவீர்கள் என்று கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு அதே மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள்.

அரசுப் பள்ளியையும் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார், தினமும் வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெண் குழந்தை என்பதால் மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. சின்னத் தொகைதான். ஆனால் இப்போது கட்டும் ஃபீஸ் மிச்சமாகுமே, அதைத் தெரபிக்குத் திருப்பலாம். அவளோடு பொறுமையாகப் பேசும் டீச்சர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து முடிவெடுங்கள்.

அடகுக் கணக்கைப் பாருங்கள். 9,000 வீதம் 10 மாதம் என்றால் வருடம் 90,000. மூன்று லட்சம் நகைக்கடன் வாங்கினால், 9 சதவீதம் என்று வைத்தாலே வட்டி வருடம் 27,000. பணம் மூன்று வருடம் வரும். அப்போது அவளுக்கு 12 வயதுதான், பள்ளிப் படிப்பு பாதிகூட முடிந்திருக்காது.

மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு வருமான வரியில் 80டிடி பிரிவின் சலுகை உண்டு என்று பலர் சொல்வார்கள். பழைய வரி முறையில் மட்டும்தான் அது. உங்கள் கணவரின் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே கிடையாது, அதனால் அதை நினைத்து அலைய வேண்டாம்.

அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. உங்கள் கணவர் பெயரில் 75 லட்சத்துக்கு டெர்ம் இன்சூரன்ஸ் (அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள். மகளை நாமினியாகப் போட்டு, அவள் சார்பில் பணத்தை வாங்கும் பொறுப்பாளர் பெயர் இல்லாமல் விட்டுவிடாதீர்கள். அதைவிட, நாமினி நீங்களாகவே இருங்கள். அப்புறம், அவளுக்கு 18 வயது முடிந்ததும் நீங்கள் தானாகவே சட்டப்படியான காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயும் அவளுடைய மாற்றுத்திறன் சான்றைத்தான் கேட்பார்கள்.