ஒரு பிளேயருக்கு ஒரு டாலர்: கேள்வி பதில்

பழைய கேசட்: பாட்டு விற்றால் ராயல்டி, சரி. பாட்டு கேட்கிற மெஷின் விற்றாலும் ராயல்டி கேட்டார்களாமே, நிஜமா சார்?

நிஜம்தான். 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் ஜூன் பிளேயரை (மாதம் இல்லை, மெஷின்) இறக்கியது. 30 ஜிபி, விலை சுமார் 250 டாலர். விற்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலருக்குச் சற்று மேலே யுனிவர்சல் மியூசிக் என்ற பெரிய இசைக் கம்பெனிக்குத் தர ஒப்புக்கொண்டது. இந்தக் கருவிகளெல்லாம் திருட்டுப் பாட்டின் கிடங்கு என்பது அன்றைய யுனிவர்சல் தலைவர் டக் மோரிஸின் வாதம். புதிதாக இணையத்தில் பாட்டுக்கடை திறப்பவருக்கு யுனிவர்சல் சரக்கு இல்லாமல் முடியாது. அந்தப் பிடியில் வந்த காசு இது. சட்டம் கட்டாயப்படுத்தி வந்ததில்லை.

இரவுப்பறவை: சட்டம் ஏன் கட்டாயப்படுத்தவில்லை?

நல்ல கேள்வி. அமெரிக்காவின் 1992 சட்டப்படி டிஜிட்டல் ரெக்கார்டர்களுக்கு 2 சதவீதம், வெற்று டிஜிட்டல் டேப்புக்கு 3 சதவீதம் வசூல் உண்டு. 1998ல் டயமண்ட் கம்பெனி ரியோ என்ற எம்பி3 பிளேயரைக் கொண்டுவந்ததும் இசைக் கம்பெனிகளின் சங்கம் அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனது. 1999ல் மேல்முறையீட்டில் தோற்றது. ரியோ பாட்டை எடுப்பது கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கிலிருந்து. அந்த டிஸ்க்கில் பாட்டோடு ஆயிரம் ஃபைல் கிடக்கும், அது சட்டம் சொல்லும் இசைப்பதிவு ஆகாது. ஆகவே ரியோ ரெக்கார்டரும் ஆகாது. சொற்பொருளில் போனது மொத்த வசூலும்.

சைக்கிள் மணி: டாலர்தான் கட்டியாச்சே, இனி டவுன்லோட் பண்ணிக்கலாமா?

கூடாது. அந்த டாலர் உங்களுக்கு எந்த அனுமதியும் வாங்கித் தராது.

ஒன்றரைக்காது: திட்டுகிறீர்களே, அதில் பாதி கலைஞர்களுக்கு என்றுதானே யுனிவர்சல் சொன்னது?

சொன்னது. எந்தக் கலைஞருக்கு எவ்வளவு? பாட்டு விற்றால் எண்ணிக்கை இருக்கும். வெறும் பெட்டி விற்றால் யார் பாட்டு என்று எதை வைத்துப் பிரிப்பது? 1992 சட்டத்தில் பங்கு எழுதியே இருக்கிறது: மூன்றில் இரண்டு பாகம் ஒலிப்பதிவுக்கு, ஒரு பாகம் பாட்டெழுதியவருக்கும் பதிப்பாளருக்கும். ஒலிப்பதிவுப் பாகத்தில் 4 சதவீதம் பெயர் போடாத வாத்தியக்காரர், கோரஸ் பாடியவருக்கு முதலிலேயே ஒதுக்கீடு. தனி ஒப்பந்தத்தில் இப்படி எழுத யாருக்கு அவசியம்?

ஒன்றரைக்காது: ஒன்றுமே வராததற்கு இது மேல் இல்லையா? பின்வரிசையில் வயலின் வாசித்தவரைக் கேளுங்கள்.

கேட்டால் "கொடுங்க" என்றுதான் சொல்வார், ஒத்துக்கொள்கிறேன். காசு வாங்குவது தப்பென்று நான் சொல்லவில்லை. சொந்த சிடியை ஏற்றிக் கேட்பவரிடமும் திருடன் என்று வாங்கிவிட்டு, பதிலுக்கு நகலெடுக்கும் உரிமையையும் தராததுதான் தப்பு. இரண்டில் ஒன்று வையுங்கள்: காசு வாங்கினால் நகலெடுக்கும் உரிமையும் தாருங்கள், இல்லையென்றால் காசே வேண்டாம்.

பனிக்காடு: கனடா?

2003 டிசம்பரில் அங்கே பதிப்புரிமை வாரியம் பிளேயர்களுக்குப் போட்ட வசூல்: 1 ஜிபி வரை 2 டாலர், 10 ஜிபி வரை 15, அதற்கு மேல் 25. அடுத்த டிசம்பரில் கோர்ட் ரத்து செய்தது. சட்டத்தில் இருப்பது பதிவு ஊடகம்; பிளேயரோ கருவி.

ஆப்பிள் ரசிகன்: ஐபாடுக்கு?

ஆப்பிள் அப்படி எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. 2001 ஐபாடின் பிளாஸ்டிக் உறையில் 'பாட்டைத் திருடாதே' என்று அச்சடித்ததோடு சரி.

மஞ்சப்பை: இந்தியாவில் இந்த வசூல் உண்டா?

கிடையாது. நகலெடுப்பது பற்றிய சந்தேகத்துக்கு வக்கீலைப் பாருங்கள்.

புது வரவு: சார், டாலர் கட்டினவங்க டவுன்லோட்...

மேலே சைக்கிள் மணிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஒன்றரைக்காது: அப்போ ரெண்டில் எதை வைப்பீர்கள்?

வசூலை. கூடவே 1992 மாதிரி பங்குப் பட்டியலும், நகலெடுக்கும் உரிமையும்.