ஐப்பசியில் நிறுத்துங்கள்

அன்புள்ள ஐயா,

கஜா புயலுக்கு அடுத்த வருடம், 2019இல், ஊர் இளைஞர்கள் சேர்ந்து எங்கள் கண்மாயைத் தூர்வார ஆரம்பித்தோம். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறியதில்லை. முதலில் நாற்பது பேர் வந்தோம், இப்போது ஏழு பேர். வராதவர்களைக் குத்திக் காட்டி வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள். டீசல் கணக்கில் ஆரம்பித்த பேச்சு போன மாதம் கைகலப்பில் முடிந்தது. கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம் என்றேன். நிறுத்தினால் அதோடு போச்சு என்கிறார்கள். நான் சொன்னது தவறா?

(பெயர் வெளியிட வேண்டாம்)
புதுக்கோட்டை மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

தவறே இல்லை. நிறுத்துங்கள்.

'ஒரு ஞாயிறும் தவறியதில்லை' என்ற வரிதான் எனக்குக் கவலையாக இருந்தது. கண்மாய் வேலை என்றைக்கும் வருடம் முழுக்க நடந்ததில்லை. குடிமராமத்து என்பது தண்ணீர் வற்றிய பிறகு நடப்பது. கரையில் மண் போட்டு, மடையைச் சரிபார்த்து, வரத்துக்காலில் மண்டியதை வெட்டிவிட்டு, மழை இறங்கியதும் அவரவர் வயலுக்குப் போய்விடுவார்கள். (அந்த முறையை அப்படியே புகழ எனக்கு மனமில்லை. பல ஊர்களில் மண் சுமந்தது ஒடுக்கப்பட்ட சாதியினர்தான். சென்னை மாகாணத்தில் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள்.) ஆனாலும் வேலைக்கு ஒரு முடிவுநாள் இருந்தது. உங்கள் ஞாயிறுகளுக்கு அது இல்லை.

பல வருடங்களுக்கு முன் நண்பர்கள் சிலர் சேர்ந்து பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினோம். எட்டாவது வருடம் எல்லோரும் களைத்துவிட்டோம். ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. முடியவில்லை என்று சொல்ல வெட்கம், அதனால் கணக்குக் கேட்டோம். 340 ரூபாய் சாக்பீஸ் ரசீதுக்காக ஒரு நண்பனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துப் பேசினேன். அவன் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. உங்கள் டீசல் கணக்கைப் படித்தபோது அந்த ரசீதுதான் ஞாபகம் வந்தது.

1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் போராட்டக்காரர்கள் காவல் நிலையத்தை எரித்துக் காவலர்களைக் கொன்றதும், காந்தி ஒத்துழையாமைப் போராட்டத்தை நிறுத்தினார். சிறையில் இருந்த மோதிலால் நேருவும் லஜபதி ராயும் கொதித்துப் போனார்கள். நிறுத்தியது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நிறுத்தத்தை அறிவித்த காங்கிரஸின் பர்தோலி தீர்மானமே ராட்டை, தேசியப் பள்ளி, மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு வேலைகளை விடாமல் செய்யச் சொன்னது. எதை நிறுத்துகிறோம், எதை விடக்கூடாது என்று அதில் பிரித்திருந்தார்கள். உப்பு சத்தியாகிரகம் வர 1930 ஆனது.

நீங்களும் அப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். கரையில் கன்று நட்டிருந்தால் ஆடு கடிக்காமல் பார்க்க ஆள் வேண்டும், அது மட்டும் முறை வைத்து நடக்கட்டும். மற்றதெல்லாம் ஐப்பசி மழையோடு நிற்கட்டும். தண்ணீர் ஏறிய பிறகு அங்கே தோண்ட என்ன இருக்கிறது?

நிறுத்துவதற்கு முன் டீசல், ஜேசிபி வாடகை எல்லாவற்றையும் எழுதி, உங்கள் ஏழு பேரில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்த்து, டீக்கடையில் ஒட்டிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவைப் பூட்டிவிடுங்கள். கூடவே, மறுபடி கூடும் நாளையும் சொல்லிவிடுங்கள். தைப்பூசம் கழித்து வரும் முதல் ஞாயிறு என்று வையுங்கள். இந்தத் தேதி இல்லாமல் நிறுத்தினால் உங்கள் நண்பர்கள் பயப்படுகிற மாதிரியேதான் ஆகும். அன்றைக்கு மண்வெட்டி வேண்டாம், பேசினால் போதும். அப்புறம் சித்திரை முதல் ஆடி வரை மட்டும் வேலை என்று முடிவு செய்யுங்கள். நாலு மாதத்துக்கு வரச் சொன்னால் வருவார்கள், ஆயுள் முழுக்க என்றால் யார் வருவார்?

அடித்துக்கொண்ட இருவரையும் காலம் சேர்த்துவைக்கும் என்று விட்டுவிடாதீர்கள். இருவருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவர் தனித்தனியாகப் போய்ப் பேசட்டும். விலகிய முப்பத்து மூன்று பேர் வீட்டுக்கு நீங்களே ஒரு நடை போய் வாருங்கள். கண்மாய்ப் பேச்சை எடுக்க வேண்டாம். சிலர் திரும்பி வரவே மாட்டார்கள், அவர்கள் செய்தவரைக்கும் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

தைப்பூசம் கழிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.