சீனக் குறி எலும்பு விலைக்கு வந்தால்

கேள்வி: பெய்ஜிங்கில் வேலை பார்க்கும் என் மகனிடம், எழுத்து செதுக்கிய ஆமை ஓடு ஒன்றைப் பழம்பொருள் வியாபாரி காட்டியிருக்கிறார். 3,000 வருஷத்துக்கு முன் குறி பார்த்த ஓடாம். வாங்கலாமா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வாங்க வேண்டாம். சீனாவில் மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். அசலாக இருந்தால் நாட்டைவிட்டு வெளியே கொண்டுவர முடியாது. போலியாக இருந்தாலும் ஆமை ஓடு நிஜமானது என்றால், வனவிலங்குப் பொருள் என்று சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

சரி, அடையாளம் காண்பது எப்படி? எல்லோரும் எழுத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். பழங்காலச் சீனாவை ஆண்ட ஷாங் வம்ச அரசர்களின் குறிகாரர்கள் ஆமையின் வயிற்றுப்புற ஓட்டிலோ மாட்டின் தோள்பட்டை எலும்பிலோ பின்பக்கம் வரிசையாகக் குழி குடைந்து, அதில் சூடு வைப்பார்கள். முன்பக்கம் ஒரு நெட்டு விரிசலும் அதிலிருந்து பிரியும் சிறு விரிசலும் விழும். அதைப் பார்த்துப் பலன் சொல்வார்கள். யார், எந்த நாளில், என்ன கேட்டார் என்பதை அப்புறம்தான் செதுக்குவார்கள். பின்பக்கக் குழியும் கருகலும் முன்பக்க விரிசலோடு பொருந்தாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

இவை பொருந்தினாலும் நம்பிவிட முடியாது. நாட்டு மருந்துக் கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று விற்ற துண்டுகளில் பழைய எழுத்து இருப்பதை 1899இல் வாங் யிரோங் என்ற அறிஞர் கவனித்தார். விலை ஏறியது. எழுத்தில்லாத அசல் எலும்புகளை எடுத்துப் புதிதாகச் செதுக்கி விற்க ஆரம்பித்தார்கள். அதனால் எலும்பின் வயதைச் சோதிப்பது எழுத்துக்குச் சாட்சி ஆகாது. வாசகம் படிக்கத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். போலிகளில் பெரும்பாலும் எழுத்துகள் கோவையில்லாமல் கிடக்கும்.

சில அசல்களில் முழு விஷயமே இருக்கும். ஷாங் அரசர் வூ டிங் தன் மனைவி ஃபூ ஹாவின் பிரசவத்துக்குக் குறி கேட்ட ஆமை ஓட்டில், எந்த நாளில் பிறந்தால் நல்லது என்ற பலனும், 31 நாள் கழித்து நடந்த முடிவும் இருக்கின்றன: "நல்லதில்லை, பெண்." அரசர் சொன்ன நல்ல நாளில் குழந்தை பிறக்கவில்லை என்பதையும் மறைக்காமல் பொறித்திருக்கிறார்கள்!

மகனை ஹெனான் மாகாணத்து அன்யாங்குக்குப் போகச் சொல்லுங்கள். பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயில் இருக்கிறது. ஷாங் தலைநகரம் இருந்த இடம் அதுதான். அருங்காட்சியகத்தில் அசலைப் பார்க்கலாம். வீட்டில் வைக்க ஒன்று வேண்டுமென்றால் பிசினில் வார்த்த நகல் போதும், ரசீதோடு.