55 வயதுக்கு மேல் வருடாந்திர மாஸ்டர் செக்கப் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 55 வயது. இதுவரை பெரிய நோய் எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை மாஸ்டர் செக்கப் செய்துகொண்டால் போதுமா? வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நான் டாக்டர் இல்லை. கும்பகோணத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட். எனக்கும் 57 ஆகிறது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவனின் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செக்கப் செய்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் செக்கப் செய்கிறவர்களுக்கு ஊரில் குறைச்சலே இல்லை. ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு, அதில் கூடுதலாக வந்த ஒரு எண்ணை அடுத்த வருடம் வரை மறந்துபோகிறவர்கள்தான் அதிகம். ஐம்பதுக்கு மேல் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்த இடைவெளிதான் என்பது என் அனுபவம்.

பிரஷரையே எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 160/100 இருக்கிறது. டாக்டர் டெல்மிசார்டான் எழுதுகிறார். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, திரும்பப் பார்த்தால் 128/80. "நார்மல் ஆயிடுச்சுண்ணே, இனிமே எதுக்கு?" என்று நிறுத்திவிடுகிறார். நார்மல் ஆனதே மாத்திரையால்தான் என்பதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும். தலைவலி, மயக்கம் எதுவும் இருக்காது என்பதால் ஏறியதும் தெரியாது. "ஆரம்பிச்சா காலம் பூரா சாப்பிடணும், கிட்னி போயிடும்" என்ற பேச்சு வேறு. கிட்னியைக் கெடுப்பது வருடக்கணக்கில் கட்டுக்குள் வைக்காமல் விட்ட பிரஷரும் சர்க்கரையும். எடை குறைந்து, உப்பைக் குறைத்து, அளவும் தொடர்ந்து கீழேயே இருந்தால் டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். அவரிடம் கேட்டுக் குறைப்பது வேறு, அட்டை தீர்ந்ததோடு விட்டுவிடுவது வேறு.

பிரஷர் பார்க்கும் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு, படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டுவார்கள். முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைக் கட்டு என்பார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே போனில் மகளிடம் பேச்சு. இப்படிப் பார்த்தால் பத்துப் பதினைந்து கூடுதலாகக் காட்டும். முதலில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் கூடாது. கையை மேஜை மேல், நெஞ்சு உயரத்தில் வைக்க வேண்டும். காபி, சிகரெட் எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள். வீட்டுக்கு மெஷின் வாங்குவதென்றால் மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஆஸ்பத்திரியில் 140/90 தான் எல்லை. வீட்டில் அமைதியாகப் பார்க்கும்போது சராசரி 135/85க்கு மேல் போனாலே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சர்க்கரையில் வேறு மாதிரி விளையாட்டு. டெஸ்ட்டுக்கு முந்தின மூன்று நாள் கடும் பத்தியம், அப்புறம் வெறும் வயிற்றில் 108 என்று வந்ததும் வெற்றிச் சிரிப்பு. மூன்று மாதச் சராசரி என்று நாங்கள் சொல்லும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டில் இந்த வித்தை பலிக்காது. அது 5.7க்குக் கீழே இருந்தால் சரி, 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், 6.5 தொட்டால் சர்க்கரை நோய். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மட்டும் இந்த எண் ஏமாற்றும், அவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லப்போனால் அந்த 108ம் நல்ல சேதி இல்லை; வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருப்பதும் அதே முந்தைய கட்டம்தான். சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023ல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அந்த முந்தைய கட்டத்தில், 31.5 கோடிப் பேருக்கு ரத்த அழுத்தம் என்று அதில் கணக்கு. "பெரிய நோய் எதுவும் இல்லை" என்று நீங்கள் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, எங்கள் ஊருக்கென்றே இரண்டு விஷயம். ஒன்று, விரதம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் பட்டினி கிடந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல் என்று வந்து மயங்கியும் விழலாம். விரத நாளில் மாத்திரையை எப்படி மாற்றிக்கொள்வது என்று முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள். இரண்டு, கோயில் பிரகாரம். பல வருடம் சர்க்கரை இருந்தால் பாதம் மரத்துப்போகும். மத்தியான வெயிலில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு சுற்றி வந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல், சாயங்காலம் சாக்ஸில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டு ஆயின்மென்ட் வாங்க வருகிறவர்கள் உண்டு. காலையில் ஏழு மணிக்கே போய்விட்டு வாருங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. ராத்திரி படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். கீழே குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

இனி வலி மாத்திரை. கடைக்காரனாக எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். ஐம்பதுக்கு மேல் மூட்டு வலி வராத ஆள் அபூர்வம். "அந்தப் பச்சை அட்டை குடுங்க, போன தடவை நல்லா கேட்டுச்சு" என்பார்கள். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், பிரஷர் ஏறும், கிட்னி கெடும். டெல்மிசார்டான் மாதிரி ஒரு பிரஷர் மாத்திரை, அதோடு சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை ஒன்று, அதன் மேல் இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் கிட்னிக்கு மும்முனைத் தாக்குதல். கோடையில் பேதியாகி உடம்பில் நீர் வற்றிய நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை, அதனால் என்னிடம் கோபித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனவர்கள் உண்டு.

ஒரு மாத்திரையின் பக்க விளைவுக்கு இன்னொரு மாத்திரை என்று நீள்வதையும் சொல்ல வேண்டும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். அது மாத்திரையால் என்று தெரியாமல் வேறு டாக்டரிடம் போய், வீக்கத்துக்கு நீர் மாத்திரை வாங்கி, அது ராத்திரி நாலு தடவை எழுப்பிவிட, தூக்கம் இல்லை என்று அதற்கும் ஒரு மாத்திரை கேட்பார்கள். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் கால் எரியும். ஆனால் கால் எரிச்சலை எல்லோரும் சர்க்கரையின் மேலேயே போட்டுவிடுகிறார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடுகிற மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாயால் சொன்னால் "வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்" என்பதைத் தாண்டி நகராது.

கேஸ் மாத்திரைக்கு வருவோம். கடை சாத்துகிற நேரத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து கேஸ் மாத்திரை கேட்டார். இடது கையால் கவுண்டரைப் பிடித்திருந்தார். மின்விசிறிக்குக் கீழே நின்றும் சட்டைக் காலர் நனைந்திருந்தது. "ரெண்டு ஏப்பம் வந்தா சரியாப் போயிடும்" என்றார். மாத்திரை கொடுக்காமல் ஆட்டோவில் ஏற்றி, கடைப் பையனையும் கூட அனுப்பினேன். ஈசிஜியில் ஹார்ட் அட்டாக். பிழைத்துக்கொண்டார், இப்போதும் என் கடைக்குத்தான் வருகிறார். நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வியர்வை, காரணமில்லாத மூச்சிரைப்பு இவற்றில் எது வந்தாலும் வாயு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் அசதி, குமட்டல் என்றும் வரும். 108ஐக் கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போங்கள். 2023ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஹார்ட் அட்டாக்குக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை அங்கேயே வைத்திருக்கிறார்கள். பக்கவாதத்துக்கும் அவசரம்தான். வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தொங்கிப்போவது, பேச்சுக் குழறுவது என்று தெரிந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். அதற்குள் ஸ்கேன் எடுத்து முடிக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று விட்டால் அந்த ஊசி போட முடியாது.

பெண்கள் கணவருக்கு மாத்திரை வாங்க வருவார்கள். "உங்களுக்கு மாமி?" என்றால், "எனக்கு என்ன, நன்னாத்தான் இருக்கேன்" என்பார்கள். மாதவிடாய் முழுவதும் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். "உடம்பு சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. சூடாக இருந்தால் சந்தோஷம், கர்ப்பப்பைப் புற்றுநோயாக இருந்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். கர்ப்பப்பை வாய், மார்பகம் இரண்டுக்கும் அரசு ஆஸ்பத்திரியிலேயே பரிசோதனை உண்டு. புகையிலை, பாக்குப் போடுகிறவர்கள், ஆணோ பெண்ணோ, வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

நீங்கள் கேட்ட மாஸ்டர் செக்கப் பேக்கேஜுக்கு வருகிறேன். எண்பது டெஸ்ட், தொண்ணூறு டெஸ்ட் என்று விளம்பரம் செய்கிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் சிலவற்றில் சிஇஏ, சிஏ 125 என்று புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துவிடுகிறார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு அந்த டெஸ்ட்டால் பிரயோஜனம் கிடையாது. சும்மா கொஞ்சம் கூடினாலும் ஸ்கேன், ராத்தூக்கம் போவது என்று இழுத்துவிடும். வைட்டமின் டி குறைவு என்று வந்தால் 60,000 யூனிட் பொடியை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் எழுதுவார்கள். அதை எட்டு வாரத்தில் நிறுத்தாமல், நல்ல சத்துதானே என்று வருடக்கணக்கில் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். ரத்தத்தில் கால்சியம் ஏறிக் கிட்னியைப் பாதிக்கும்.

உங்கள் வயதில் நோய் இல்லாதவருக்கு எனக்குத் தெரிந்து அவசியமானவை கொஞ்சம்தான். பிரஷர், ஹெச்பிஏ1சி, கொழுப்பு, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் ஹீமோகுளோபின், கண். சர்க்கரை இருந்தால் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை வருடா வருடம் கட்டாயம். அன்று வண்டி ஓட்டிப் போகாதீர்கள், திரும்பும்போது கண் கூசும். இதற்கு மேல் டெய்லர் கடை டேப் ஒன்று. தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80க்குள் இருக்க வேண்டும். ஆள் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் நின்றாலும் ஆபத்துதான், நம் உடல்வாகு அப்படி.

நடைப்பயிற்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மகாமகக் குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். நடந்து முடிந்ததும் அதே கூட்டம் டிகிரி காபியும் வடையுமாக நிற்பதையும் பார்க்கிறேன். ஆனால் நடையோடு நின்றுவிடக் கூடாது. இந்த வயதில் தசை கரைகிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது, தண்ணீர்க் குடத்தையோ பையையோ தூக்குவது என்று வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். தட்டில் சோறு மலையாகவும் பருப்பு ஓரமாகவும் இருந்தால் அதற்கு வழியில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐசிஎம்ஆர் சொல்லும் அளவு. 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. கிட்னி பழுது இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

செலவு ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எனக்கு வியாபாரம் குறைந்ததுதான், ஆனாலும் நல்ல திட்டம். அங்கே கொடுப்பதும் நான் விற்பதும் ஒரே மருந்துதான், அட்டை வேறு அவ்வளவே. அதனால் அட்டையின் பின்னால் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சமீபத்தில் ஒரு அம்மா தலைசுற்றுகிறது என்று வந்தார். பையைக் கவுண்டரில் கொட்டச் சொன்னேன். வீட்டுக்கு வந்த மாத்திரை ஒன்று, மகன் வெளியில் வாங்கிக் கொடுத்தது ஒன்று, இரண்டும் அம்லோடிபின் 5 மில்லிகிராம். இரண்டு வாரமாகக் காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றுமாகச் சாப்பிட்டிருக்கிறார். உட்காரவைத்துப் பார்த்தால் பிரஷர் 98/60. டாக்டருக்கு அங்கிருந்தே போன் செய்து, அவர் சொன்னபடி ஒன்றை எடுத்து வைத்துவிட்டு அனுப்பினேன்.