நான்கில் எது நடக்கும்?

அன்புள்ள ஐயா,

எங்கள் வட்டார வேளாண்மை 2050இல் எப்படி இருக்கும் என்று ஆராயும் பயிலரங்கில் கலந்துகொண்டேன். மழை கூடுமா குறையுமா, சந்தை ஏறுமா இறங்குமா என இரண்டு கோடுகளைக் குறுக்காகப் போட்டு, கிடைத்த நான்கு கட்டங்களுக்கு நான்கு எதிர்காலக் காட்சிகளை எழுதினோம். நிலத்தடி நீர் குறையலாம், இளைஞர்கள் விவசாயத்தை விட்டுப் போகலாம் என்பவற்றையும் நிச்சயமற்றவை பட்டியலில் சேர்த்தோம். நான்கில் எது நடக்கும்? இதைக் கணிக்க மென்பொருள் உண்டா?

க.

அன்புள்ள க.,

மென்பொருளை விடுங்கள். எது நடக்கும் என்பதுதான் கேள்வி என்றால் சோதிடரிடம் போயிருக்கலாமே? நான்கையும் எழுதிவிட்டு ஒன்றின்மேல் பந்தயம் கட்டுவதற்காகவா இத்தனை பேர் கூடினீர்கள்?

என்னை உறுத்தியது உங்கள் பட்டியல். 1970களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் எதிர்காலக் காட்சிகள் எழுதும் இந்த முறையை வளர்த்தெடுத்த பியர் வாக், கங்கையை உதாரணம் காட்டுவார். மலைப்பகுதியில் பெருமழை கொட்டிவிட்டால், ஓரிரு நாளில் ரிஷிகேசத்திலும் பிறகு காசியிலும் வெள்ளம் வந்தே தீரும். அது ஊகம் அல்ல. மழை ஏற்கெனவே பெய்துவிட்டது. அப்படி முடிவாகிப்போனவற்றை முதலில் தனியே எடுத்து வைக்க வேண்டும். மிச்சத்துக்குத்தான் காட்சிகள்.

ஆண்டுதோறும் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் கீழே இறக்கிக்கொண்டே 'நீர் குறையலாம்' என்று எழுதுவது என்ன நேர்மை? 2050இல் நாற்பது வயதில் வயலில் நிற்க வேண்டியவர் 2010இல் பிறந்தவர். அவர் இன்று எங்கே படிக்கிறார், என்ன படிக்கிறார் என்று போய் விசாரிக்கலாம். இன்று நட்ட பழத்தோப்பு அடுத்த பல பத்தாண்டுகளுக்கு எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்பதும் நட்ட அன்றே முடிவாகிவிட்டது.

இப்படியொரு கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். 'இளைஞர்கள் தங்குவார்களா' என்று விவாதம் சூடாக நடந்தது. பேசியவர்கள் எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, "என் பையன் போய்ப் பல வருடம் ஆகிறது, நீங்கள் இன்னும் 'ஒருவேளை' என்றே எழுதுகிறீர்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பலகையில் இருந்த 'ஒருவேளை'யை மட்டும் யாரும் அழிக்கவில்லை.

உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை, தம்பி. இந்த வயதில் இதில் இறங்கியிருப்பதே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பருவமழை எந்த வாரம் தொடங்கும், விளைபொருள் ஏற்றுமதியை அரசு எப்போது தடுக்கும் போன்றவை அதில் தாராளமாக இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்குக் குத்தகைக்கு உழுபவர்களையும் கூப்பிடுங்கள். நிலச் சொந்தக்காரர்கள் மட்டும் கூடினால் குத்தகைப் பேச்சே வராது.