விலங்கியல் படித்துக்கொண்டே சட்டப் படிப்புக்குத் தயாராவது எப்படி?

விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்கிறார்: "பட்டம் முடித்ததும் சட்டம் படிக்க ஆசை. இப்போதே அரசியல் அறிவியலுக்கு மாறிவிடலாமா? சட்டப் புத்தகங்களை வாங்கிப் படிக்கத் தொடங்கட்டுமா?"

மாற வேண்டாம். மருத்துவத்துக்கு உயிரியல் போல, சட்டத்துக்கென்று கட்டாய முன்பாடம் எதுவும் இல்லை. பிடிக்காத பாடத்துக்குப் போய் மதிப்பெண் சரிந்தால்தான் சேர்க்கையின்போது சிக்கல். தவிர, உங்கள் ஆய்வக ரெக்கார்டு நோட்டில் கண்டதை ஓரிடத்திலும் அதிலிருந்து ஊகித்ததை வேறிடத்திலும் எழுதுகிறீர்களே, அந்தப் பழக்கம் சட்டத்துக்கு அப்படியே கைகொடுக்கும்.

தடித்த பாடநூல்களும் இப்போது வேண்டாம். அவற்றை எப்படியும் பிறகு படிக்கத்தான் போகிறீர்கள். அதற்குப் பதிலாக, வாரம் ஒரு தீர்ப்பை நிதானமாக வாசித்து, ஒரே பக்கத்தில் சுருக்கி எழுதுங்கள். என்ன நடந்தது, நீதிமன்றத்தின் முன் இருந்த சட்டக் கேள்வி என்ன, என்ன முடிவு, ஏன் அந்த முடிவு என்ற நான்கும் அந்தப் பக்கத்தில் இருந்தால் போதும்.

டொனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் தொடங்கலாம். 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பானத்தைக் குடித்த பெண், புட்டியில் அழுகிய நத்தை இருந்ததாகவும் அதனால் உடல்நலம் கெட்டதாகவும் வழக்குப் போட்டார். பானத்தை வாங்கியவர் அவர் இல்லை. கடைக்காரரோடு அவருக்கு ஒப்பந்தமும் இல்லை. ஆகவே தயாரிப்பாளர் மீது வழக்கு. முன்பின் தெரியாத நுகர்வோரிடம் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை, அதாவது அவர்களுக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் சட்டப் பொறுப்பு, உண்டா? உண்டு என்று 1932இல், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 3-2 என்ற பெரும்பான்மையில் சொன்னது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'புட்டியில் நத்தை இருந்ததை நீதிமன்றம் உறுதிசெய்தது' என்று எழுதிவிடுவார்கள். இல்லை. அந்தப் பெண் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டால் சட்டப்படி வழக்கு நிற்குமா என்பதை மட்டும்தான் நீதிபதிகள் பார்த்தார்கள். நத்தை கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை! அப்புறம், மாறுபட்ட இருவரின் தீர்ப்பையும் விடாதீர்கள். இந்தக் கடமைக்கு எல்லை எங்கே என்று அதில் கேட்கப்படும் கேள்வி லேசானது அல்ல. அதற்கு உங்கள் பதிலை ஐந்தே வரியில் எழுதிப் பாருங்கள். அழகாகப் பேசுகிறவர்கள்கூட இந்த இடத்தில் திணறுவார்கள். பேச்சுப் போட்டியைவிட எழுத்துப் பயிற்சியை நான் முக்கியமாக நினைப்பது அதனால்தான்.

நுழைவுத் தேர்வுக்குத் தனிப் பயிற்சி தேவைதான், ஆனால் கடைசி ஆண்டில் சில மாதங்கள் போதும். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் (LSAT) நுழைவுத் தேர்வு 2024 ஆகஸ்ட்டில் புதிர் விளையாட்டுப் பகுதியையே எடுத்துவிட்டது. இப்போது அங்கே மதிப்பெண் கிடைப்பது வாசித்துப் புரிந்துகொள்வதற்கும் வாதத்தை அலசுவதற்கும்தான்.

விடுமுறையில் ஒரு நாள் காலை முழுக்க நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். பெரும்பாலான விசாரணைகளைப் பொதுமக்கள் பார்க்கலாம். வாய்தா வாய்தாவாகப் போகும், சலிப்பாகக்கூட இருக்கும். அதையும் பார்த்தபிறகு ஆசை மிஞ்சுகிறதா என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சரி, இன்னொன்று. சில கல்லூரிகள் பரிந்துரைக் கடிதம் கேட்கும். உங்கள் எழுத்தை அறிந்த ஆசிரியர் எழுதினால்தான் அதற்கு மதிப்பு. இந்த ஆண்டே ஒருவரிடம் கட்டுரை ஒன்றைக் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். திருத்தியதை மறுபடி எழுதி அவரிடமே காட்டுங்கள்.